நட்சத்திரக் கிராணியும் செல்வியின் குடும்ப விவகாரமும்

கேமரன் மலைக் குளிரால் உண்மையிலேயே பிழைத்த ஜீவன்கள் மூன்றுதான். ஒன்று தேயிலை, இரண்டு முட்டைகோஸ், மூன்றாவது நட்சத்திரக் கிராணி. மற்றபடி நாமெல்லாம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு காலம் தள்ளுகிறவர்கள்.

அவருடைய அடையாள அட்டையில் என்ன பெயர் இருந்ததோ, யாரும் கேட்டதில்லை. எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. கொழுந்து பறிக்காமல், தொழிற்சாலைக்கும் போகாமல், நாற்காலியில் உட்கார்ந்து எதையாவது தட்டிக்கொண்டிருக்கும் ஆள் யாராக இருந்தாலும் அவர் கிராணிதான், அதாவது கணக்குப்பிள்ளை. "இவரு எதுக்குக் கிராணி?" என்று நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்தில் கேட்டார்கள். "ஒரு நட்சத்திரத்துக்கு" என்று என் கணவர் விளையாட்டாகச் சொல்லிவைத்தார். அன்றோடு பெயர் ஒட்டிக்கொண்டது. தோட்ட மேலாளரான துரைகூட அப்படித்தான் கூப்பிட்டார்.

நான் தோட்டப் பள்ளி ஆசிரியை, என் கணவர் தேயிலைத் தொழிற்சாலையில் மின் வேலை பார்ப்பவர். கிராணி அவருடைய பள்ளித் தோழர். கோலாலம்பூரில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தார். பல வருடங்களாகப் படித்துக்கொண்டிருந்தார் என்று சொன்னால் இன்னும் சரியாக இருக்கும். மூடிப்போன இணைய விளையாட்டுக் கடை ஒன்றிலிருந்து பழைய கணினிகளை மொத்தமாக வாங்கி, வாடகை அறையில் அடுக்கி, இரவு பகலாக ஓடவிட்டிருக்கிறார். அறை கொதித்ததில் பக்கத்து அறைக்காரருக்கு வேர்க்குரு வந்துவிட்டதாம். வீட்டுக்காரர் பெட்டிகளோடு சேர்த்து இவரையும் வெளியே வைத்தார்.

அப்போதுதான் என் கணவருக்குத் தொலைபேசியில் அந்தப் புகழ்பெற்ற கேள்வி வந்தது.

"மச்சான், ஒங்க ஊருல குளிரு சும்மாதானே கெடைக்குது?"

"ஆமா லா. வேணுமா?"

"எல்லாம் வேணும்."

அடுத்த வாரம், முட்டைகோஸ் இறக்கிவிட்டு மலைக்குத் திரும்பிய லாரியில் பத்துப் பன்னிரண்டு கணினிகளும் அவரும் வந்து இறங்கினார்கள். எல்லார் மீதும் கோஸ் வாடை அடித்தது. தோட்டத்தில் குழந்தைகள் குறைந்துபோனதால் பூட்டிக் கிடந்த ஆயாக்கொட்டகையை, கரண்டுக் கட்டணத்தைக் கிராணியே கட்டுவதாகச் சொன்னதால், துரை திறந்துவிடச் சொன்னார். சாவி புஷ்பம் அக்காவிடம் இருந்தது. அந்தக் கொட்டகையில் எத்தனையோ பிள்ளைகளைத் தொட்டிலில் போட்டுத் தட்டித் தூங்கவைத்தவர் அவர். கொட்டகை மூடிக் கொழுந்து பறிக்கப் போன பிறகும் சாவியை மட்டும் இடுப்பை விட்டு இறக்கவில்லை.

விளையாட்டுக் கடைக் கணினிகள் என்பதால் ஒவ்வொன்றுக்குள்ளும் சிவப்பும் நீலமுமாக விளக்குகள் ஓடும். அதை நிறுத்தக் கிராணிக்கே தெரியவில்லை. மூடுபனி இறங்கும் சாயங்காலங்களில் எங்கள் ஆயாக்கொட்டகையைப் பார்த்து, ஏதோ புதிதாகக் கோயில் கட்டியிருக்கிறார்கள் என்று எண்ணிச் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போன சுற்றுலாப் பயணிகள் உண்டு. அவர்களையும் உட்காரவைத்துக் கருந்துளை பற்றி விளக்கம் சொல்லித்தான் அனுப்பினார் கிராணி.

மனிதர் மூன்று சுவெட்டர் போட்டு, அதற்குமேல் மழைக்கோட்டும் போட்டு, தலையில் மஃப்ளர் கட்டியிருப்பார். ஆனால் கொட்டகையின் எல்லா ஜன்னலையும் திறந்து வைத்திருப்பார். பெட்டிகளுக்குக் காற்று வேண்டுமாம். பல் கிடுகிடுக்க உட்கார்ந்துகொண்டு, "அருமையான கிளைமேட்டு டீச்சர்" என்பார். அப்படி நடுங்கிக்கொண்டே சந்தோஷமாக இருந்த ஒரு மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அந்த மழைக்காலத்தில்தான் என் மகள் பிறந்தாள். கேமரன் மலையில் மழைக்காலத்தில் பிள்ளை பெற்றவர்களுக்கு நான் எதுவும் விளக்க வேண்டியதில்லை. துணி காயாது. திங்கட்கிழமை துவைத்தது வெள்ளிக்கிழமையும் ஈரமாகவே கிடக்கும், கூடவே பூஞ்சை வாடையும் ஏறிவிடும். கடையில் விற்கும் டயப்பரைக் கட்டினால் என் மகளுக்குத் தொடையெல்லாம் சிவந்து தடித்துவிடும். பழந்துணிதான் ஒத்துக்கொண்டது. அதைக் காயவைக்க வழியில்லாமல், அவள் அழும்போது நானும் கூடவே உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன்.

ஒரு நாள் புஷ்பம் அக்கா துணிவாளியை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஆயாக்கொட்டகைக்குப் போனார். பெட்டிகளின் முதுகுப் பக்கத்திலிருந்து வெதுவெதுப்பான காற்று ஓயாமல் வந்துகொண்டிருப்பதை அவர் முன்பே கவனித்துவைத்திருந்தார். பின்னால் ஒரு கயிற்றைக் கட்டினார். சோறு வேகிற நேரத்துக்குள் துணிகள் அப்பளமாகக் காய்ந்துவிட்டன. என் மகளின் துணிகளை உலர்த்தியது ஒரு கருந்துளை என்று நான் யாரிடமும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன்.

சேதி பரவியது. ஒரே வாரத்தில் கொட்டகை முழுக்கக் கயிறு. பள்ளிச் சீருடை, போர்வை, கடைசி வீட்டு வங்காளதேசத்து வாலிபர்களின் காலுறை என்று எல்லாம் அங்கே தொங்கின. வேறு யாராக இருந்தாலும் விரட்டியிருப்பார்கள். கிராணி துணிகளை ஒதுக்கி ஒதுக்கித் தன் நாற்காலிக்குப் போவார். மழைத்தூறல் பட்டால் அவரே எழுந்து துணியைத் திருப்பிப்போடுவார்.

துணி காயும் வரை பெண்கள் சும்மா இருப்பார்களா? "இதுல என்னாதான் தம்பி ஓடுது?" என்று புஷ்பம் அக்கா ஆரம்பித்தார்.

"ஒவ்வொரு பெட்டியிலயும் ஒரு ஜோடிக்கா. ஒரு நட்சத்திரம், பக்கத்துல ஒரு கருந்துளை. ஒன்ன ஒன்னு சுத்திக்கிட்டு இருக்குது. நட்சத்திரத்துக்கு வயசாக வயசாக ஒடம்பு உப்பும். ஒரு எல்லைக்கு மேல உப்பிடுச்சுன்னா, மேல இருக்கிறதெல்லாம் வழிஞ்சு கருந்துளை பக்கம் போயிடும்."

"பால் பொங்குறாப்புல."

"அதேதான்கா! எவ்வளவு வேகமா வழியும், வழிஞ்சா நிக்குமா, நிக்காதா? அதத்தான் கணக்குப் போட்டுப் பாக்குறேன். நெசமான நட்சத்திரத்துல இது நடந்து முடியறத உக்காந்து பாக்க நம்ம ஆயுசு பத்தாது. அதனால பெட்டிக்குள்ள நடத்திப் பாக்கணும்."

"நின்னுடுமா?"

"யாரு கனம்னு பாக்கணும். நட்சத்திரம் கனமா இருந்து கொடுத்துச்சுன்னா, கொடுக்கக் கொடுக்க ரெண்டும் நெருங்கும். நெருங்க நெருங்க இன்னும் வழியும். கடைசியில முழுசா முழுங்கிட்டாலும் முழுங்கிடும். நட்சத்திரம் லேசா இருந்து கொடுத்தா, ரெண்டும் வெலகிப் போகும். பொழைச்சுக்கும்."

பெண்கள் துணியை மறந்து பெட்டிகளை நெருங்கினார்கள். பிறகு ஆளுக்கொரு பெட்டியைப் பங்கு போட்டுக்கொண்டார்கள்.

அன்று முதல் எங்கள் லயத்தில் தொலைக்காட்சித் தொடர்களுக்கு மவுசு போய்விட்டது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகிற வழியில் கொட்டகைக்குள் தலையை நீட்டி, "என் பொண்ணு எப்படி இருக்கா?" என்று விசாரிப்பார்கள். "ஒங்க பொண்ணு நேத்தே தப்பிச்சுட்டாக்கா" என்பார் கிராணி. "என்னோடது?" "மன்னிச்சுக்குங்க. முழுங்கிட்டான்." அந்த அம்மாள் அன்று கொழுந்துக் கூடையை அரைக்கூடைக்கு மேல் நிரப்பவில்லை. கருந்துளைக்கு எங்கள் லயத்தில் பொதுப்பெயர் மாப்பிள்ளை. அவரைத் திட்டாத நாக்கு இல்லை.

புஷ்பம் அக்காவின் பங்குக்கு வந்தது கடைசிப் பெட்டி. அதுதான் கிராணியின் ஆராய்ச்சிக்கே உயிர். அதில் நட்சத்திரம் மாப்பிள்ளையைவிடக் கனம். கொடுத்துக் கொடுத்துத் தானே லேசாகிறவரை தாக்குப்பிடித்தால் அதற்குப் பிறகு விலகிப் போய்விடலாம். ஆனால் அதற்குள் விழுங்கப்படுமா, மாட்டாதா என்று யாருக்கும் தெரியாது. ஆபத்தான கட்டம் வந்தால் கணினி தத்தித் தத்தித்தான் நடக்கும். இந்த ஒரு ஜோடியின் கதை மட்டும் வாரக்கணக்கில் ஓடியது. அக்கா அந்த நட்சத்திரத்துக்குச் செல்வி என்று பெயர் வைத்தார். மாரியம்மன் கோயிலில் செல்வி பெயருக்கு அர்ச்சனை சொல்லப் போனபோது, பூசாரி வழக்கம்போல, "என்னா நட்சத்திரம்?" என்று கேட்டு, பதிலைக் கேட்டுக் கற்பூரத் தட்டைக் கீழே வைத்துவிட்டார் என்று சொல்வார்கள்.

"ஒங்களுக்கு ஏன்க்கா செல்வி மேல இவ்வளவு பாசம்?" என்று நான் ஒரு தடவை கேட்டேன்.

"என் கதைதானே டீச்சர் இது. என் வீட்டுக்காரனுக்கு நான் கொடுத்துக் கொடுத்து எளைச்சுப்போனேன். என்கிட்ட ஒண்ணுமில்லன்னு ஆனப்புறம்தான் அந்தாளு தூரமா போனான். இப்ப எங்க இருக்கான்னுகூட தெரியாது. நான் நல்லாத்தானே லா இருக்கேன்? அவளும் நல்லா இருக்கட்டும்."

இதற்கிடையில் பல்கலைக்கழகத்தின் பொறுமை தீர்ந்துபோயிற்று. நேரில் வரச் சொல்லி அழைப்பு வந்தது. செல்வியை ஓடவிட்டுவிட்டுக் கிராணி கோலாலம்பூருக்கு பஸ் ஏறினார். அவர்கள் கடைசியாக ஒரு தவணை கொடுத்தார்கள். செல்வியின் முடிவு தெரிந்து அதற்குள் ஆய்வேட்டைக் கொடுத்தால் பட்டம். இல்லாவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள், இத்தனை வருடப் படிப்பும் வீண். "ஒண்ணும் பயமில்ல மச்சான், செல்வி பாதிக் கெணறு தாண்டிட்டா. நேரத்துக்கு முடிஞ்சிடும்" என்று அங்கிருந்தே என் கணவருக்குத் தகவல் சொல்லிவிட்டு, பேரங்காடியில் என் மகளுக்கு ஒரு கிலுகிலுப்பையும் வாங்கிக்கொண்டு மலையேறினார்.

அவர் வந்து இறங்கிய நாள் ஆயுத பூசை.

ஆயுத பூசையன்று எங்கள் தோட்டத்தில் எந்த எந்திரமும் ஓடாது. தொழிற்சாலை உருளைகள், கொழுந்து வெட்டும் கத்திரிகள், லாரி, மோட்டார் சைக்கிள் எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து ஓய்வு கொடுப்போம். வருடம் முழுக்க நமக்காக உழைத்தவற்றுக்கு ஒரு நாள் விடுமுறை. என் மாவு அரைக்கும் எந்திரத்துக்குக்கூட அன்று பொட்டு உண்டு.

கிராணி கொட்டகைக்குள் நுழைந்தபோது நான் துணி எடுக்க அங்கே இருந்தேன். விளக்கு ஒன்றும் ஓடவில்லை. விசிறிச் சத்தம் இல்லை. ஒவ்வொரு பெட்டியும் ஈரத்துணியால் துடைக்கப்பட்டுப் பளபளவென்று இருந்தது. நெற்றியில் விபூதிப் பட்டை, நடுவில் சந்தனம், குங்குமம். செல்வியின் பெட்டிக்கு மட்டும் கூடுதலாகச் சாமந்தி மாலையும் தலையில் ஓர் எலுமிச்சம்பழமும். புஷ்பம் அக்கா புதுப்புடவையில் நின்றுகொண்டிருந்தார்.

"வாங்க தம்பி! வந்த நாள்லேருந்து நிப்பாட்டாம ஓடுதுங்க. அதுங்களுக்கும் ஒரு நாள் ரெஸ்ட் வேணும்லா? சுவிட்ச அமத்தினா இந்தப் பேட்டரி கீ கீன்னு ஒரே அழுகை. தட்டிக் கொடுத்து, பட்டன அமுக்கிப் பிடிச்சு, தூங்க வெச்சுட்டேன்."

கரண்ட் போனால் ஐந்து நிமிடம் தாங்குவதற்காக என் கணவர் பொருத்திவைத்த பேட்டரி அது. அது அழுதால் ஓடிவா என்று அவர் எல்லாரிடமும் சொல்லிவைத்திருந்தார். அக்கா ஓடித்தான் வந்திருக்கிறார். தொழிற்சாலை எந்திரத்தை நிறுத்தினால் மறுநாள் விட்ட இடத்திலிருந்து ஓடும். தொலைக்காட்சித் தொடரும் நேற்று விட்ட இடத்திலிருந்துதான் வரும். செல்வி மட்டும் வேறு மாதிரி என்று அவரிடம் யார் சொன்னார்கள்?

கிராணி ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்துக்கொண்டே கடைசிவரை நடந்தார். அங்கே கிடந்த பிள்ளைகள் உட்காரும் குட்டி நாற்காலியில் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்தார். அவர் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் வழிந்து எங்கோ போய்விட்டது. கத்தப்போகிறார் என்று நினைத்து நான் என் மகளை இறுக்கி அணைத்துக்கொண்டேன்.

"சுண்டல் இருக்காக்கா?" என்று கேட்டார்.

"இல்லாமயா!" என்று அக்கா ஓடினார்.

அவர் போன பிறகுதான் கிராணி என்னிடமும், பின்னாலேயே வந்த என் கணவரிடமும் விஷயத்தைச் சொன்னார். இடம் போதவில்லை என்பதற்காக எப்போதாவது ஒரு தடவைதான் கணக்கைச் சேமித்துவைக்கும்படி செய்திருந்தாராம். கடைசியாகச் சேமித்தது செல்வி வழியத் தொடங்கிய இடத்தில். அதற்குப் பிறகு நடந்த வாரங்கள் அத்தனையும் போயிற்று. மறுபடி ஓட்டினால் தவணைக்குள் முடியுமா என்பது சந்தேகம்.

"அக்காக்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க" என்றார். "டீச்சர், சத்தியம் பண்ணுங்க. அவங்க பிள்ளைங்களத் தூங்க வெச்சிருக்காங்க. அவ்வளவுதான்."

சத்தியம் செய்தேன். புஷ்பம் அக்காவுக்கு இந்தப் பத்திரிகையை ஒவ்வொரு வாரமும் வாசித்துக் காட்டுகிறவள் நான்தான். இந்த வாரம் சமையல் குறிப்போடு நிறுத்திக்கொள்ளப்போகிறேன். நீங்களும் யாரும் அவரிடம் உளறிவிடாதீர்கள்.

மறுநாள் காலை கிராணி எல்லாப் பெட்டிகளிலும் செல்வியையே ஏற்றினார். ஒரே செல்வியை வெவ்வேறு நடையில் நடக்கவிட்டால் ஏதாவது ஒரு பெட்டியாவது தடுக்கி விழாமல் நேரத்துக்குள் கரையேறும் என்பது அவர் கணக்கு. எல்லாப் பெட்டியும் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் ஓடின. அதே நேரத்தில் லயத்தில் யாரோ குளிக்க ஹீட்டரைப் போட்டார்கள். ஒட்டுமொத்த லயத்துக்கும் கரண்ட் போயிற்று. என் கணவர் சோப்பு நுரையோடு ஓடி, பேட்டரி அடங்குவதற்குள் சரிசெய்தார். "இது தாங்காது. ஒண்ணு செல்வி, இல்லாட்டி சுடுதண்ணி" என்றார்.

காரணத்தை மறைத்து, "செல்விக்கு இதுதான் ஆபத்தான கட்டம்" என்று மட்டும் லயத்தில் சொன்னோம். அது பொய்யும் இல்லை. உடனே புஷ்பம் அக்கா முந்தானையை இழுத்துச் செருகினார். அவள் பிழைக்கிறவரை இந்த லயத்தில் எவரும் ஹீட்டரைத் தொடக் கூடாது என்று உத்தரவு போட்டார். லயத்தின் வாட்ஸ்அப் குழுவில் குரல் பதிவும் போட்டார். கேமரன் மலையில், மழைக்காலத்தில், பச்சைத் தண்ணீர்க் குளியல். காலை நேரத்தில் வரிசையாக ஒவ்வொரு குளியலறையிலிருந்தும் வந்த அலறல் அடுத்த தோட்டம்வரை கேட்டது. அங்கிருந்து ஆள் அனுப்பி, யாராவது இறந்துவிட்டார்களா என்று விசாரித்தார்கள்.

அக்கா அதிகாலையில் லயத்தின் பின்பக்கமாக ரோந்து போவார். குளிருக்கு எந்த ஜன்னலில் ஆவி வருகிறது என்று பார்த்தால் போதும், திருடன் அகப்பட்டுவிடுவான். முதலில் அகப்பட்டவர் கோயில் தலைவர், எங்களை வேலை வாங்கும் மேற்பார்வையாளரான மண்டோர்.

"மண்டோரே! ஒங்க ஜன்னல்ல பொக வருது!"

"எலும்புக்குள்ள குளிருது புஷ்பம்! ஒரே ஒரு சொம்பு லா!"

"அங்க ஒரு பொண்ணு உசுரக் கையில புடிச்சிக்கிட்டு நிக்கிறா. ஒங்களுக்கு வெந்நீ கேக்குதா? அமத்துங்க!"

மண்டோர் அமர்த்தினார். கோயில் கமிட்டியையே ஆட்டிப்படைக்கும் மனிதர், உடம்பெல்லாம் சோப்போடு பச்சைத் தண்ணீரை மொண்டு ஊற்றிக்கொண்டு, செல்வியின் மாப்பிள்ளையைத் திட்டிய திட்டுகளை இங்கே அச்சில் ஏற்ற முடியாது.

பிறகு வங்காளதேசத்து வாலிபர்கள் ஒரு வழி செய்தார்கள். லயத்தின் முனையில் தகரக் கூரை போட்டு, கல்லை அடுக்கி, பெரிய அண்டா வைத்தார்கள். கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சிகளைத் தொழிற்சாலைக் கொட்டகையிலிருந்து என் கணவர் கொண்டுவந்தார். ஆளுக்கு ஒரு வாளி வெந்நீர். என் மகளுக்குத்தான் முதல் வாளி, அதை அக்கா சட்டமாகவே ஆக்கிவிட்டார். அண்டாவைச் சுற்றி நின்ற அந்த வாரங்களில், வருடக்கணக்காகப் பேசாமல் இருந்த வீட்டுக்காரர்கள்கூட "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டார்கள்.

கொட்டகையில் நிலைமை சரியில்லை. ஒவ்வொரு பெட்டியாக நின்றுபோனது. கணக்கு இனி நகராது என்று கைவிரித்துவிடுமாம். கிராணி நின்றுபோன பெட்டியின் பொட்டை அழிக்காமல், மெல்ல ஒரு தட்டுத் தட்டிவிட்டு அடுத்ததற்குப் போவார். தவணை முடிய நாலைந்து நாள் இருக்கும்போது ஒரே ஒரு பெட்டி மிச்சம். அது தலையில் எலுமிச்சம்பழம் வைத்திருந்த பெட்டி. "வேற வேல பாத்துக்கலாம் டீச்சர். இங்கயே கொழுந்து நிறுக்கிற வேல கெடைக்குமான்னு மண்டோரக் கேக்கணும்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை எனக்குப் பார்க்க முடியவில்லை. என் மகளின் காய்ந்த துணிகளை மடிக்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மறுநாள் மத்தியானம் கொழுந்து நிறுக்கும் நேரம். தூறலில் எல்லாரும் மூட்டைகளோடு வரிசையில் நிற்கிறார்கள். சரிவில் ஒரு மழைக்கோட்டு உருண்டு வருவதுபோல் தெரிந்தது. கிராணிதான். காலில் செருப்பில்லை, மஃப்ளர் எங்கோ விழுந்துவிட்டது. மூச்சு வாங்குகிறது, பேச்சு வரவில்லை. கைகள் இரண்டையும் ஒன்றாக வைத்து, மெல்ல மெல்ல அகல விரித்துக் காட்டினார்.

முதலில் புரிந்துகொண்டவர் புஷ்பம் அக்கா. மூட்டையைப் போட்டுவிட்டார்.

"வெலகிட்டாளா?"

"வெலகுறாக்கா! லேசாகிட்டா! தூரமா போறா!"

அக்கா ஈரப் புல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். தராசடியில் எழுந்த கூச்சலில் துரை காரை நிறுத்தி இறங்கினார். விஷயத்தைக் கேட்டு, அவரும் கை கொடுத்தார். அன்று சாயங்காலம் லயம் முழுக்க எல்லா ஹீட்டரையும் ஒன்றாகப் போட்டோம். கரண்ட் போயிற்று. யாரும் கோபப்படவில்லை. செல்வியின் கணக்கை அதற்குமுன் கிராணி மூன்று இடத்தில் சேமித்துவைத்துவிட்டார்.

ஆய்வேடு தவணைக்குள் போய்ச் சேர்ந்தது. சில மாதங்களில் பட்டமும் வந்தது. இப்போது அவர் வேறொரு நாட்டில், எங்கள் மலையைவிடக் குளிரான ஓர் ஊரில் வேலை பார்க்கிறார். சந்தோஷமாக நடுங்கிக்கொண்டிருப்பார் என்று நினைக்கிறேன்.

அவர் புறப்பட்ட நாளில் லயமே கொட்டகை வாசலில் நின்றது. புஷ்பம் அக்கா பொட்டலம் பொட்டலமாக முறுக்கைப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தவர், சட்டென்று நிமிர்ந்தார்.

"ஒண்ணு சொல்றேன் தம்பி, தப்பா நெனைக்காதீங்க. அன்னிக்கு ஆயுத பூசைக்கு நான் ஒரு நாள் ரெஸ்ட் கொடுத்தேன் பாருங்க, அதனாலதான் அந்தப் பெட்டி கடைசி வரைக்கும் தாங்கிச்சு. இல்லாட்டி பாவம், நடுவுலயே படுத்திருக்கும்."

என் கணவர் தரையைப் பார்த்தார். நான் குழந்தையைப் பார்த்தேன். கிராணி அவருக்கு நேராகத் திரும்பி நின்று, இரண்டு கையையும் கூப்பினார்.

"ஆமாக்கா" என்றார். "நீங்க தூங்க வெச்சதாலதான்."

அக்காவின் முகம் பெருமையில் மலர்ந்ததை நான் அன்று பார்த்தேன். என் மகள் இப்போது நன்றாகப் பேசுகிறாள். தொலைபேசியில் கிராணியை மாமா என்று கூப்பிடுகிறாள். சொல்லிக்கொடுத்தது நான்தான்.